நாங்கள் ஒண்டும் வாங்கிறேல்லை

(லண்டன், ஈஸ்ட்ஹாம். ஆறு பிளற் உள்ள மூண்டு மாடிக் கட்டிடத்தின்ர படிக்கட்டு. மேல்மாடிச் சிவம் கையில கடிதத்தோட. அவருக்கு நேர் கீழ்வீட்டு மலர் வேலை முடிஞ்சு வாறா.)

சிவம்: மலர், என்ர வீட்டை வித்துப்போட்டாங்கள்!

மலர்: வீட்டை இல்லை அண்ணை. கட்டிடத்தை.

சிவம்: வீடு கட்டிடத்துக்குள்ளதானே கிடக்கு? வெளியிலயோ கிடக்கு?

மலர்: நீங்கள் வாங்கினது லீஸ்ஹோல்ட். 1990இல இருந்து 125 வருசத்துக்கு இதுக்குள்ள இருக்கிற உரிமை, அவ்வளவுதான். நிலம், வெளிச்சுவர், கூரை எல்லாம் ஃப்ரீஹோல்டரின்ர. அவன் தன்ர பங்கை வேற கொம்பனிக்குக் குடுத்திட்டான். ஆர் புதுசாள், எந்த விலாசம் எண்டு உங்களுக்கு எழுத்தில அறிவிக்கவேணும். கையில இருக்கிறது அந்தக் கடிதம்தான்.

சிவம்: எனக்கொரு சொல்லுச் சொல்லாமல் வித்தவனோ?

மலர்: சொன்னவன். போன வருசம் பங்குனியில. றெஜிஸ்ரர் தபாலில வந்தது. நீங்களே கையெழுத்து வைச்சு வாங்கினனீங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 5. ஃப்ரீஹோல்டை வெளியாளுக்கு விக்கமுதல் உள்ளுக்க இருக்கிற எங்களிட்டக் கேக்கவேணும். யோசிக்க ரண்டு மாசமாவது தரவேணும்.

சிவம்: 18,000 பவுணுக்குக் கட்டிடம் தாறம் எண்டு ஒண்டு வந்தது...

மலர்: அதுதான்.

சிவம்: அது கள்ளர் எண்டெல்லோ நினைச்சன்! லண்டனில 18,000க்கு ஒரு கராச் வராது. றீசைக்கிளிங் பின்னுக்குள்ள போட்டனான்.

மலர்: அவன் வித்தது வீட்டையில்லை. ஆறு வீட்டிலயும் தலைக்கு 150 நிலவாடகை, வருசம் 900. அதின்ர இருபது மடங்கு 18,000. பேந்து 2115இல லீஸ் முடிய எல்லாம் திரும்பிக் கைக்கு வரும் எண்ட நம்பிக்கை.

சிவம்: உமக்கு விளங்கினதெண்டால் வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.

மலர்: வந்தனான். ஒரு ஞாயிறு பின்னேரம். கதவைத் திறக்காமலே உள்ளுக்க நிண்டு என்ன சொன்னனீங்கள்?

சிவம்: என்ன சொன்னனான்?

மலர்: 'நாங்கள் ஒண்டும் வாங்கிறேல்லை.'

(சிவம் கடிதத்தைப் பாக்கிறார். கடிதத்தில ஒரு பதிலும் இல்லை.)

சிவம்: நான் யேகோவா ஆக்கள் எண்டு நினைச்சன்.

மலர்: அவையள் விக்கிறேல்லை அண்ணை, சும்மா தாறவை. ஆறு வீட்டில பாதிக்கு மேல ஓமெண்டு எழுதவேணும். அப்பிடியெண்டால் நாலு. நான் ஒண்டு, கீழ்வீட்டுப் பொலிஷ் பொடியன் ஒண்டு, முன்வீட்டு ஆன்ரி ஒண்டு. மற்ற ரண்டு பேரும் வீட்டை வாடகைக்கு விட்டிட்டு வெளிநாட்டில, பதிலே இல்லை. நாலாவது கையெழுத்துத் தேடி உங்கட கதவடியில நிண்டனான். ஆளுக்கு 4,500.

சிவம்: சரி, வித்தது வித்ததுதானே. இப்ப இந்தப் புதுசாள் நிலவாடகை கேட்டிருக்கிறான். சொந்த வீட்டுக்கு வாடகை! நான் கட்டமாட்டன்.

மலர்: இவ்வளவு நாளும் ஆர் கட்டினது?

சிவம்: நான்தான். அது கவுன்சில்காரின்ர ஏதோ வரி எண்டு நினைச்சன்.

மலர்: தாங்கோ கடிதத்தை. இது அண்டைக்கு விட்டதைவிட முக்கியம். நிலவாடகை லீஸில எழுதிக் கிடந்தாலும், சட்டம் சொன்ன படிவத்தில கேட்டால்தான் நீங்கள் கட்டவேணும். 2002ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 166. எவ்வளவு, எந்தக் காலத்துக்கு, எப்ப கட்டவேணும், எல்லாம் இருக்கவேணும். கட்டிற நாள் அறிவித்தல் தந்து 30 நாளுக்கு முந்தியும் வரேலாது, 60 நாளுக்குப் பிந்தியும் வரேலாது. சொந்தக்காரரின்ர பேர், விலாசமும் வேணும்.

சிவம்: இதில ஏழு நாளுக்குள்ள கட்டு எண்டு கிடக்கு. கட்டாட்டி 60 பவுண் லேற் ஃபீயாம்.

மலர்: அப்ப இது செல்லாது. சரியான படிவம் வரும்வரைக்கும் காசு 'கட்டவேண்டிய காசு' ஆகேல்லை. ஆகாத காசுக்கு லேற் ஏது?

சிவம்: நான் அந்த 60ஐக் கட்டிப்போட்டன்.

மலர்: வாடகையை?

சிவம்: வாடகை கட்டேல்லை. அது அநியாயம். ஃபைன் எண்டால் கட்டத்தானே வேணும், பொலிஸ் வந்தால்?

(மலர் ஒரு படியில இருக்கிறா. இதுதான் இந்த நாட்டில எங்கட சனத்தின்ர கணக்கு: கட்டவேண்டியதோட சண்டை, கட்டத் தேவையில்லாததுக்கு உடன காசு.)

மலர்: திருப்பித் தரச்சொல்லி எழுதுங்கோ. பிரிவு 166 எண்டு ஒரு வரி போட்டால் காணும். சரியான படிவம் வந்தால் 150ஐக் கட்டுங்கோ. கட்டமாட்டன் எண்டு வீரம் காட்டவேண்டாம்.

சிவம்: கட்டாட்டி என்ன செய்வான்? வீட்டைப் பறிப்பானோ?

மலர்: நிலுவை 350 பவுணுக்கு மேல போகவேணும், இல்லாட்டி மூண்டு வருசத்துக்கு மேல கிடக்கவேணும். அதுக்குக் கீழ எண்டால் லீஸைப் பறிக்கக் கோட்டுக்குப் போகேலாது.

சிவம்: அப்ப ரண்டு வருசம் 300. அதுமட்டும் சும்மா இருக்கலாம் எண்டுறீர்.

மலர்: அதுக்கு முந்தியே உங்கட வங்கிக்கு எழுதுவாங்கள். வங்கி பயந்து தானே கட்டிப்போட்டு மோட்கேஜில சேர்த்துவிடும். பேந்து அந்த 150க்கும் மோட்கேஜ் வட்டி கட்டிக்கொண்டிருப்பீங்கள்.

சிவம்: இப்ப புது வீடுகளுக்கு நிலவாடகையே இல்லையாம், ஒரு பொடியன் சொன்னவன்.

மலர்: 2022 ஆனி 30இல இருந்து புதுசா எழுதின நீண்டகால லீஸுக்கு இல்லை. எங்கட பழசு. 25 வருசத்துக்கு ஒருக்கா இரட்டிக்கும் எண்டு கிடக்கு. 75இல தொடங்கினது, இப்ப 150. 2040இல 300, 2065இல 600, 2090இல 1,200.

சிவம்: 2090இல நான் இருக்கமாட்டன்.

மலர்: வீடு இருக்கும். உங்கட பிள்ளை விக்கப்போகேக்க வாங்க வாறவன்ர சொலிசிற்றர் முதல் பாக்கிறது இந்தப் பக்கத்தைத்தான். லீஸை நீட்டினால் இருக்கிறதோட 90 வருசம் கூடும், நிலவாடகையும் இல்லாமல் போகும். முந்தி வாங்கி ரண்டு வருசம் காத்திருக்கவேணும், 2025 தை 31இல அதையும் எடுத்திட்டாங்கள்.

சிவம்: இன்னொரு கடிதமும் வந்தது. கூரை திருத்திறதாம், 24,000. அதில நான் ஏன் கட்டவேணும்? கூரை அவன்ரயெண்டு நீர்தான் சொன்னீர்.

(நியாயமான கேள்வி. லண்டனில லீஸ்ஹோல்ட் வீடு வாங்கின எல்லாரும் ஒருநாள் கேக்கிறது.)

மலர்: கூரை அவன்ர. ஒழுகினால் உங்கட.

சிவம்: இதென்ன நியாயம்?

மலர்: இதுதான் சேவிஸ் சார்ஜ். நிலவாடகை வேற, இது வேற. செலவை ஆறாய்ப் பிரிக்க ஆளுக்கு 4,000. ஆனால் ஒருத்தரின்ர பங்கு 250 பவுணைத் தாண்டிற வேலையெண்டால் 1985ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 20இன்படி எங்களிட்டக் கேக்கவேணும். முதல் 'செய்யப்போறம்' எண்டு அறிவிச்சு 30 நாள். அதுக்குள்ள எங்களுக்குத் தெரிஞ்ச கொன்ராக்ரரின்ர பேரைக் குடுக்கலாம். பேந்து ரண்டு விலையாவது காட்டி, திரும்பவும் 30 நாள். இதைச் செய்யாமல் வேலையை முடிச்சால், ட்ரிபியூனல் எண்ட விசாரணை மன்றத்தில விலக்கு வாங்காட்டி, ஆளுக்கு 250க்கு மேல ஒரு சதமும் எடுக்கேலாது.

சிவம்: அப்ப அவன் கேக்கேல்லை. எனக்கு ஒண்டும் வரேல்லை!

மலர்: வந்தது. வைகாசியில.

சிவம்: ...

மலர்: பின்னுக்குள்ளயோ?

சிவம்: பின்னுக்குள்ள.

மலர்: உங்கட றீசைக்கிளிங் பின்னிலதான் ஃப்ரீஹோல்டரின்ர முழு ஆவணமும் கிடக்கு. நல்லகாலம், நான் என்ர பிரதியை வைச்சுப் பதில் எழுதினனான். காப்புறுதியையும் பாருங்கோ, புதுசாள் வந்த கையோட ஏறிப்போச்சு. கொம்பனியைத் தெரிவுசெய்யிறது அவன், காசு கட்டிறது நாங்கள். இடையில கொமிஷன் போகுதோ எண்டு நாங்கள்தான் கேக்கவேணும். காப்புறுதி விபரம் தா எண்டு எழுத்தில கேட்டால் 21 நாளுக்குள்ள தரவேணும். சேவிஸ் சார்ஜ் பில்லோட உங்கட உரிமைகள் எழுதின தாள் வராட்டி, வரும்வரைக்கும் காசை நிப்பாட்டி வைக்கலாம். செலவுசெய்து 18 மாசத்துக்குள்ள பில் தரேல்லை, அறிவிக்கவுமில்லை எண்டால் அந்தச் செலவு அவன்ர தலையில.

சிவம்: சரி சரி. வெளியில அவன் என்னவும் செய்யட்டும். கதவைப் பூட்டினால் உள்ளுக்க எல்லாம் என்ர.

மலர்: கதவின்ர உள்பக்கம் உங்கட.

சிவம்: என்ன?

மலர்: எங்கட லீஸில வெளிக்கதவின்ர வெளிப்பக்கம் அவையின்ர. யன்னல் கண்ணாடி உங்கட, சட்டம் அவையின்ர. சுவரில பூசின சாந்து உங்கட, உள்ளுக்க இருக்கிற கல்லு அவையின்ர. நிலத்தில மேல்பலகை உங்கட, அதைத் தாங்கிற மரம் அவையின்ர.

சிவம்: அப்ப நான் மூண்டு லட்சத்துக்கு வாங்கினது பெயின்ரோ?

மலர்: காத்தும் உங்கடதான். அந்த மேல்பலகைக் கதைக்கு வாங்கோ. கார்ப்பெற்றை இழுத்தெறிஞ்சு லாமினேற் போட்டனீங்களெல்லோ?

சிவம்: வடிவாய் இருக்கு. வந்து பாரும்.

மலர்: பாக்கத் தேவையில்லை, கேக்குது. காலமை அஞ்சு மணிக்குக் கிரைண்டர் போட்டால் என்ர கட்டில் தோசைக்கு ஆடுது. லீஸில கார்ப்பெற் போடவேணும் எண்டு கிடக்கு. பழையவன் கவனிக்கேல்லை. புதுசாள் பாத்தால், போட்டபிறகு தாற அனுமதிக்குக் காசு கேப்பான். கேக்கிற காசு நியாயமோ எண்டு ட்ரிபியூனலிட்டப் போகலாம், ஆனால் முறைப்பாடு குடுத்தது ஆர் எண்டு என்னைக் கேக்காதேங்கோ.

சிவம்: நீரோ குடுத்தனீர்?

மலர்: இன்னும் குடுக்கேல்லை. முதல் இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.

சிவம்: என்ன இது? நாங்கள் ஒண்டும்...

மலர்: வாங்கச் சொல்லேல்லை! கட்டிடத்தை மனேஜ் பண்ணிற உரிமையை நாங்களே எடுக்கிறது. ஃப்ரீஹோல்டர் பிழைவிட்டவன் எண்டு நிரூபிக்கத் தேவையில்லை. பாதி வீடு காணும், எங்களுக்கு மூண்டு. முன்வீட்டு ஆன்ரி வித்திட்டுப் போறா, அதால உங்கள் தேவை. ஒரு கொம்பனி பதிஞ்சு, சேராத ஆக்களுக்கு அழைப்பு அனுப்பி 14 நாள் விடவேணும். பேந்து உரிமை கோரி அறிவித்தல். மறுக்கிறதெண்டால் மறுக்க அவனுக்கு ஒரு மாசமாவது விடவேணும். அதுக்குப் பிறகு மூண்டு மாசமாவது போக எங்கட கையில. 2025 மாசி முடிஞ்ச கையோட, பங்குனி 3இல இருந்து, அவன்ர வக்கீல் காசையும் நாங்கள் கட்டத் தேவையில்லை.

சிவம்: அப்ப நிலவாடகை?

மலர்: அது அவனுக்குத்தான் போகும். ஆனால் கூரைக்காரனையும் காப்புறுதியையும் நாங்கள் பாக்கலாம்.

சிவம்: அதைவிடக் கட்டிடத்தையே இப்ப வாங்கினால் என்ன?

மலர்: இப்பவும் ஏலும், பாதி வீடு சேர்ந்தால். ஆனால் விலையைச் சர்வேயர்மார் வந்து போடவேணும். எங்கட சர்வேயருக்கும் காசு, அவன்ர சர்வேயருக்கும் சொலிசிற்றருக்கும் எங்கட காசு. 4,500 போனது போனதுதான். அது சரி, மூத்தவளின்ர சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எவ்வளவு?

சிவம்: அது வேற கதை. ஒரேயொரு நாள், பிள்ளையின்ர ஆசை.

மலர்: ஹெலிக்கொப்ரர்?

சிவம்: பத்து நிமிசம்தான்.

மலர்: அந்தப் பத்து நிமிசத்தோட மண்டபத்தையும் கூட்டினால் என்ர பங்கையும் கட்டியிருப்பீங்கள்.

சிவம்: (கையெழுத்து வைக்கிறார்.) இந்தாரும். சின்னவளுக்கு அடுத்த வருசம் வருது. ஹெலி இல்லை, மனிசி வேண்டாம் எண்டுட்டா. குதிரை வண்டில். வாசலில வந்து நிக்கும்.

மலர்: எங்க நிக்கும்?

சிவம்: என்ர பார்க்கிங்கில.

மலர்: லீஸில 'ஒரு தனியார் கார் மட்டும்' எண்டு கிடக்கு அண்ணை. குதிரை நிண்டால் அனுமதிக்கு ஃபீ கேப்பாங்கள்.

சிவம்: எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லும், இப்பவே கட்டிவிடுறன்.