வெள்ளவத்தைக்கு அங்காலும் கொழும்பு இருக்கு

கொழும்பில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னதும் கிளிநொச்சியில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "வெள்ளவத்தையில ரூம் பாத்தாச்சோ?" எங்கட ஆக்களுக்குக் கொழும்பு என்றால் காலி வீதியில் பம்பலப்பிட்டி தொடக்கம் தெஹிவளை மட்டும்தான். மிச்சமெல்லாம் பஸ் யன்னலுக்கு வெளியே ஓடுகிற இடம்.

நானும் முதலில் அங்கேதான் தேடினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மரைன் டிரைவ் கடற்காற்று, பக்கத்திலேயே ரயில் நிலையம், இறங்கினால் தோசைக்கடை, கும்பிட மயூரபதி அம்மன். ஒரு வார்த்தை சிங்களம் தெரியாமலே ஆயுள் முழுக்க இருந்துவிட்டுப் போகலாம். வாடகையைக்கூட எப்படியோ சமாளித்திருப்பேன். வீட்டுக்கார அன்ரியின் விசாரணைதான் தாங்கவில்லை.

"தம்பி எவடம்?"
"கிளிநொச்சி, அன்ரி."
"அது சரி, சொந்த ஊர்?"
"அங்கதான் பிறந்தனான்."
"அப்பான்ர ஊர் எது?"

சொன்னேன். அந்த ஊரில் எவடம், எந்தக் கோயிலடி, இன்னாரைத் தெரியுமோ என்று கதை நீண்டது. சாதி என்ற சொல் அவ வாயில் வரவேயில்லை. வரத் தேவையுமில்லை. அடுத்த நாள் போன் எடுத்தால், "ரூம் குடுத்தாச்சு தம்பி." அதற்குப் பிறகும் அதே ரூம், அதே நம்பரோடு முகநூலில் கிடந்தது. செல்லடிக்குள் உடுத்த உடுப்போடு ஓடி வந்த சனம், இதை மட்டும் எப்படி மறக்காமல் கட்டிக்கொண்டு வந்தது?

நம்மவர்கள் ஏன் அங்கே போய் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது எனக்கும் விளங்கும். 83 ஜூலைக் கலவரத்தைக் கண்டவர்கள், பொலிஸ் பதிவுத் துண்டோடு திரிந்தவர்கள். 2007 ஜூனில் லொட்ஜ்களில் இருந்த தமிழரை விடியப்புறம் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தவேண்டி வந்தது. அப்படியான நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் தமிழனாக இருப்பது ஒரு காப்பு. சரி. ஆனால் அந்தக் காப்புக்குள்ளேயும் வாசலில் நின்று ஆள் பிரிக்கிறோமே, அதற்கு என்ன நியாயம்?

கடைசியில் எங்கள் அலுவலகத்து மலையகப் பெடியன் ஒருவன், ஹட்டன்காரன், வடகொழும்பில் இருக்கும் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனான். "அங்கயோ? சரியான காவாலிக் கூட்டமெல்லோ" என்றார் மாமா. அவர் வாழ்நாளில் அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டுக்கார அம்மா கேட்டது இரண்டே கேள்வி: "சம்பளம் எப்பங்க வரும்? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க, கேட் பூட்டணும்ல?" அவ்வளவுதான். சாவி கைக்கு வந்துவிட்டது.

இங்கே வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. கொழும்புத் தமிழரின் பழைய ஊர் இந்தப் பக்கம்தான். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரம் இங்கே. ஆடிவேல் ரதம் வெளிக்கிடும் செட்டியார் தெரு இங்கே. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். குங்குமப் பொட்டோடு அம்மாமார், மெழுகுதிரியோடு சிங்கள ஆச்சிமார், எல்லாரும் ஒரே வரிசையில். 2019 ஏப்ரல் 21 குண்டு வெடித்த அதே கோயில்தான். கூட்டம் இன்றைக்கும் வருகிறது.

சொர்க்கம் என்று சொல்லவில்லை. மழை பெய்தால் ஒழுங்கைக்குள் தண்ணீர், பெய்யாவிட்டால் நுளம்பு. காலையில் புறக்கோட்டை மட்டும் நடந்து, மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின் வண்டில்களுக்குள் நெளிந்து, 100ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துக் கொள்ளுப்பிட்டி போய்ச் சேரும்போது சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னுக்குப் போங்கோ) என்று கொண்டக்டர் கத்தக் கத்த என் சிங்களமும் வளர்கிறது. வெள்ளவத்தையில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

மாமா இன்னும் விடுகிறார் இல்லை. "கொஞ்சம் பொறு, வெள்ளவத்தையில நல்ல ஆக்களின்ர வீடா ஒண்டு பாத்துத் தாறன்" என்கிறார். அந்த நல்ல ஆக்களிடம் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள். அடுத்த முறை விளம்பரம் போடும்போது, யார் யாருக்கு ரூம் இல்லை என்பதையும் சேர்த்தே போட்டுவிடுங்கோ. எங்களுக்கு பஸ் காசாவது மிஞ்சும்.