கடல் இல்லாத ஊர்ப் பையன் நேவிக்குப் போக முடியாதா?

“தருமபுரி, கிருஷ்ணகிரிப் பசங்களை நேவியில் எடுக்க மாட்டார்கள், கடலோர மாவட்டத்துக்காரருக்கு மட்டும்தான், நீச்சல் தெரிந்தே ஆகணும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. ஆள் எடுப்பது அகில இந்திய அளவில், கடலோரம் என்று ஒரு நிபந்தனையே கிடையாது. உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடணும், அப்புறம் தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல் உண்டு, ஆனால் நீச்சல் இல்லை. அதை ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐஎன்எஸ் சிலிகா பயிற்சித் தளத்தில் அவர்களே கற்றுத் தருகிறார்கள். அங்கிருந்து 2023 மார்ச்சில் முதல் அக்னிவீர் (நான்கு ஆண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரர்கள்) அணி வெளிவந்தபோது 270-க்கும் மேற்பட்ட பெண்களும் இருந்தார்கள். பத்தாவது முடித்தவர்களுக்கும் பிரிவு உண்டு. அரூரில், ஊத்தங்கரையில் அதிகாலையில் ஓடிப் பழகும் தம்பிகளே, இந்தச் செய்தியை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.