விசையின் எடைக்கு விதியில் எல்லை உண்டு
25 மீற்றர் போட்டிகளுக்கான அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதியை, உரிமையாளர் விரும்பிய அளவுக்கு இலகுவாக்கலாம் என்று ஒரு கருத்து கூறப்பட்டுள்ளது. இளம் வீரர்கள் இதை நம்பி உபகரணச் சோதனையில் தடுக்கப்படக்கூடாது என்பதால் பணிவுடன் திருத்துகிறேன். சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி அந்த விசை குறைந்தது 1000 கிராம் எடையை விடுபடாமல் தாங்கவேண்டும். 500 கிராம் என்பது 10 மீற்றர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிக்கே உரியது. விசை உராய்வின்றி நகர்ந்து சட்டென விடுபடுமானால் 1000 கிராமும் விரலுக்கு இலேசாகவே தோன்றும். விசை இலேசானது எனப் பாவிப்பவர்கள் புகழ்வது பெரும்பாலும் அந்த உணர்வையே. விதிநூல் சம்மேளனத்தின் இணையத்தளத்தில் உள்ளது. கொழும்பில் பயில்வோர், குண்டில்லை என உறுதிசெய்த துப்பாக்கியின் குழலை நிமிர்த்தி, சோதனை எடையை விசையில் மாட்டி, அது மேசையைவிட்டு எழும்போது விசை விடுபடுகிறதா எனப் பயிற்றுநர் முன்னிலையில் பார்க்கலாம்.