சர்வீஸ் சார்ஜ் அரசு வரி இல்லை

“ஹோட்டலில் சர்வீஸ் சார்ஜ் என்பது அரசு வரி, கட்டாயம் கட்ட வேண்டும், மறுத்தால் அபராதம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

உணவகங்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன, 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை, உணவகத்துக்குத்தான் போகிறது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பில்லைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 800 ரூபாய்க்குச் சாப்பிட்டால், மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5 என மொத்தம் 5 சதவீதம் சேர்த்து 840 ரூபாய் வர வேண்டும். நடுவில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதற்கும் சேர்த்து வரி போட்டால் 924 ஆகிவிடும், அந்த 84 ரூபாயைத்தான் கட்டாயம் என்று நம்பவைக்கிறார்கள். ஏசி ஹாலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதும் பழைய கதை, 2017 நவம்பரிலேயே மாறிவிட்டது (பெரிய விடுதிகளுக்குள் இருக்கும் சில உணவகங்கள் மட்டும் விதிவிலக்கு).

பில்லில் இருக்கும் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லி மேனேஜரிடம் தயங்காமல் கேளுங்கள், பரிமாறியவர் மீது கோபப்பட வேண்டாம், பில் போடுவது அவர் இல்லை. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். ஆணையத்தின் வழிகாட்டுதல் நுகர்வோர் விவகாரத் துறை இணையதளத்திலேயே இருக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.