தடை போடுங்க, பயிற்சி இடத்துல கை வைக்காதீங்க

கையில் காசு இல்லையென்றால் அரசாங்கம் முதலில் நிறுத்துவது ஆள் எடுப்பதைத்தான். 2001 கடைசியில் தமிழ்நாட்டில் வந்த நியமனத் தடை விலக 2006 ஆகிவிட்டது. அந்த வருசங்களில் படித்து முடித்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். தடையே கூடாது என்று சொல்ல வரவில்லைங்க. கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மனநலப் பிரச்சினையைச் சோதித்து, மருந்தில்லாமல் பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிற படிப்பு, அதன் பயிற்சி இடங்களை மட்டும் அதில் சேர்க்காதீர்கள் என்கிறேன்.

காலிப் பணியிடத்தைத் தடை நீங்கிய மறுமாசமே நிரப்பலாம், ஆள் இருந்தால். இங்கே ஆள் உருவாக முதுகலைக்கு மேல் இரண்டு வருசம் ஆஸ்பத்திரியிலேயே இருந்து பழக வேண்டும். கூடவே ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. இந்த இரண்டு வருசப் படிப்புக்கு எம்.ஃபில். என்று பேர். எம்.ஃபில்லையே ஒழித்த யு.ஜி.சி. எனும் பல்கலைக்கழக மானியக் குழுகூட இந்தப் படிப்புக்கு 2025-26 வரை அவகாசம் தந்தது. இனி வரும் படிப்புக்கு என்ன பெயர் வைத்தாலும், பக்கத்தில் இருந்து சொல்லித்தர மூத்தவர் ஒருவர் வேண்டும். இத்தனை ஆசிரியருக்கு இத்தனை மாணவர் என்றுதான் கணக்கு. அவர் ஓய்வு பெற்று, அந்த இடம் தடையில் மாட்டினால், அவரிடம் படிக்கிற மாணவர் இடமும் சத்தமில்லாமல் போய்விடும். நாத்து விடாமல் நடவுக்கு ஆள் கூப்பிட்டு என்ன பிரயோசனம்?

இங்கிலாந்தில் இந்தப் பயிற்சி மூன்று வருசம். பயிற்சியாளர்களுக்கு அரசு மருத்துவத் துறையே சம்பளம் தருகிறது. நம்மூரில் பல இடங்களில் மாணவர்தான் ஃபீஸ் கட்ட வேண்டும். அரசு இடமும் குறைந்தால், கோபியிலோ தாராபுரத்திலோ தறி ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளை இந்தப் பக்கமே வராது.

"நாலு நல்ல வார்த்தை சொல்றதுக்கு ரெண்டு வருசம் படிக்கோணுமா கண்ணு?" என்று எங்கள் பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வேலை வெறும் பேச்சு இல்லை. அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுமென்றால் ஐக்யூ சோதனை செய்தாக வேண்டும். அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர் இல்லையென்றால் சான்றிதழ் தள்ளிப்போகும். சான்றிதழ் இல்லாமல் மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் வராது. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவிடம் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பதுதான் சிக்கனமா?

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநலப் பிரச்சினை உள்ளவர்களில், நோய்க்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. பனியன் கம்பெனி ஹாஸ்டல், நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி, பிள்ளைகள் அமெரிக்கா போனபின் தோட்டத்து வீட்டுச் சாளையில் தனியாக இருக்கிற பெருசுகள் என்று தேவை நம் கொங்குப் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. மருந்து எழுத டாக்டர் கிடைத்தாலும், உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சிகிச்சை தர ஆள் எங்கே? கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் காசு கொடுத்தால் கிடைக்கும். கொடுக்க முடியாதவர் குறி கேட்கப் போவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

உங்கள் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனால் ரோடு, தண்ணியோடு இதையும் கேளுங்க: நம்ம மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இடம் எத்தனை, காலி எத்தனை, அங்கே பயிற்சி எடுக்கிறவர்கள் எத்தனை பேர்?