பறவை பார்க்க வந்தீர்களா, பேச வந்தீர்களா?

கார்த்திகை பிறந்தால் போதும், சென்னைப் பள்ளிக்கரணைக்கு ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. பறவை பார்க்கவாம்! உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சதுப்பு நிலம் அது. இவர்களுக்கோ அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கான பின்னணி, அவ்வளவுதான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டை, ஊரைத் தூக்கும் சென்ட்.

ஊசிவால் வாத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இப்போதுதான் அக்கடா என்று உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் ஒருவருக்கு ஸ்பீக்கர் போட்டு வீட்டுக்கடன் பேசியாக வேண்டும். "பூநாரை எப்ப சார் வரும்?" ஏன், டைம் டேபிள் கொடுத்திருக்கிறதா? நாமக்கோழி என்கிற நீர்ப்பறவையைக் காட்டினால், "இதைச் சாப்பிடலாமா?" இன்னொரு மேதாவி செல்போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அந்தப் பறவையையே கூப்பிடுகிறார்!

சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. ஓர் ஊரே சும்மா இருக்கிறது. உங்களால் அரை மணி நேரம் வாயை மூட முடியாதா?

கடைசியில் குரூப் போட்டோ வேறு. "ஒன்... டூ... த்ரீ!" மிச்சமிருந்த கொக்கும் காலி. அப்புறம் என்னிடமே வந்து சலிப்பு: "இந்த வருஷம் பறவையே இல்லையே சார்?"