ஒரு வயதுக் குழந்தைக்கு என்னதான் வாங்குவது?

தோழியின் மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பிறந்தநாள் என்பதால், பாலக்காட்டிலிருந்து வாளையாரைத் தாண்டிக் கோயம்புத்தூர் கடைவீதிக்கு மூன்று முறை அலைந்துவிட்டேன். கடைக்குள் நுழைந்ததும் "ஆணா, பெண்ணா?" என்று கேட்கிறார்களே தவிர, வயதை ஒருவரும் கேட்பதில்லை. எடுக்கிற பெட்டியில் எல்லாம் ஒரு மூலையில் பொடி எழுத்தில் '3 வயதுக்கு மேல்' என்று இருக்கிறது. சுட்டிக் காட்டினால், "வளர்ந்த பிறகு விளையாடட்டுமே" என்கிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளையிடமா இதைக் கொடுப்பது?

பாட்டுப் பாடும் நாய்க்குட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடியில் திருகாணியே இல்லை. நகம் பட்டதும் மூடி கழன்று, சட்டைப் பொத்தான் அளவிலான பேட்டரி என் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் குழந்தை விழுங்கினால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடக்கூடும் என்பது விற்பவருக்குத் தெரியாதா? 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அந்தப் பெட்டியில் அதையும் காணோம்.

சரி, உடுப்பு எடுக்கலாமென்றால் கழுத்தைச் சுற்றிலும் குத்தும் சரிகை, போதாததற்கு இழுத்தால் கையோடு வரும் மணிகள். 916 தங்கத்தில் மோதிரம் வாங்கலாமென்றால், இன்றைய விலையில் கை நடுங்குகிறது. அப்படியே வாங்கினாலும் அந்தப் பிஞ்சு விரலில் அது எத்தனை நாள் நிற்கும்? ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டே நாள் இருக்கிறது. நாளை நான்காவது முறையாகப் பேருந்து ஏற வேண்டும்.